மறைப்பு வேறு, மறைவு வேறு



இந்த நினைவு உரையை நடத்தும் அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் என்னைப் பேச அழைத்தபோது ‘திருச்சபையும் மாற்றுத்திறனாளிகளும்’ என்று ஒரு தலைப்பைச் சொன்னார்கள். நல்ல தலைப்பு. யாருக்கும் சங்கடம் வராமல் ஒரு மணி நேரம் பேசிவிட்டு இறங்கிவிடலாம். நான் கழிவறையைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். தொலைபேசியில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்த வீட்டு மூத்த மருமகள் சொன்னார்: “அத்தை கடைசி ஆறு வருசம் படுக்கையிலதான் இருந்தாங்க மிஸி. அதைப் பத்தித்தான் யாராவது பேசணும்.” அந்த அத்தையின் நினைவில்தான் இந்த அறக்கட்டளை நடக்கிறது. ஆகவே உத்தரவு கிடைத்துவிட்டது.

நான் கிள்ளான் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாக வேலை பார்த்தவள். இறையியல் படித்தவள் அல்ல. குளிப்பாட்டியிருக்கிறேன், துடைத்திருக்கிறேன், பம்பர்ஸ் மாற்றியிருக்கிறேன். இன்று சொல்லப்போவது அந்த அனுபவத்தில் வந்தது.

ஞாயிறு காலை எட்டரை மணி ஆராதனைக்கு வரும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவர் சனிக்கிழமை பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. ஞாயிறு காலையில் தேநீரும் இல்லை. ஆலயத்தின் முன்வாசலில் சாய்தளம் இருக்கிறது. அதைத் திறந்து வைத்த நாளில் ரிப்பன் வெட்டிப் படமும் எடுத்தார்கள். கழிவறை பின்கட்டில், ஒரு படி ஏறிப் போகிற இடத்தில். கதவு குறுகல். சக்கர நாற்காலி அதற்குள் நுழையாது. நுழைந்தாலும் உள்ளே இருப்பது குந்தி உட்காரும் பீங்கான். திருவிருந்தில் அவர் வாயில் வைக்கும் அந்தச் சின்னக் கிண்ணத்துச் சாறுதான் பதினாறு பதினேழு மணி நேரத்தில் அவருக்குள்ளே போகும் முதல் ஈரம். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு சிறுநீர்த் தொற்றும் கல்லும் ஏற்கெனவே வாசலில் காத்திருப்பவை. தண்ணீரைக் குறைப்பது அவற்றை உள்ளே வரச் சொல்லி அழைப்பதுதான்.

கட்டடத்தைப் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை. எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தர ஆவணத்தில் கதவின் அகலம், கைப்பிடிக் கம்பி, நாற்காலியைத் திருப்ப வேண்டிய இடம் எல்லாம் அளவோடு இருக்கின்றன. பொறியாளர் இல்லாத சபை கிள்ளான் பள்ளத்தாக்கில் எனக்குத் தெரிந்து இல்லை. ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினால் முடிந்தது. என் கேள்வி அந்தக் கதவு திறந்த பிறகு வருவது. உள்ளே யார் உதவிக்குப் போவது? எப்படித் தொடுவது? வெளியே யார் நிற்பது?

வேதாகமத்தில் நமக்குப் பிடித்த கதை, நான்கு பேர் கூரையைப் பிரித்து ஒரு திமிர்வாதக்காரனை இறக்கிய கதை. ஞாயிறு பள்ளியில் அதை நடித்துக் காட்டாத பிள்ளை உண்டா? நானும் ஒரு வருடம் கட்டிலின் ஒரு கால் பிடித்தேன். தாதியான பிறகு அதே கதையை வாசிக்கும்போது வேறொன்று கண்ணில் பட்டது. அந்த மனிதன் அந்த அதிகாரத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. “தூக்கட்டுமா?” என்று நண்பர்கள் கேட்டார்களா, மாற்கு எழுதவில்லை. இயேசு மட்டும் வேறு இடங்களில் கேட்கிறார். பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருடம் கிடந்தவனிடம் குணமாக விருப்பமா என்கிறார். எரிகோ வழியில் பார்வையற்ற பர்திமேயுவிடம் உனக்கு என்ன செய்யவேண்டும் என்கிறார். பார்வையற்றவன் எதைக் கேட்பான் என்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் கேட்கிறார்.

இன்னொரு இடம், பேதுரு. கால் கழுவ வந்தபோது வேண்டாம் என்று மறுத்த அதே பேதுருவிடம், யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், முதுமையில் உன்னை உடுத்துவதும் கொண்டுபோவதும் இன்னொருவர் கையில் இருக்கும் என்ற பொருளில் ஆண்டவர் பேசுகிறார். அது அவருடைய மரணத்தைக் குறித்தது என்று நற்செய்தியாளரே விளக்கம் தருகிறார். மறுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நோயாளிக்கூடத்தில் இரவுப் பணி பார்த்தவளுக்கு அந்த வசனம் வேறுமாதிரியும் கேட்கும். விருப்பமில்லாத இடத்துக்குக் கொண்டுபோகப்படுதல் என்பது எங்களுக்கு அன்றாடம் நடப்பது. குளிர்ந்த குளியலறைக்கு, விடிகாலை ஐந்து மணிக்கு, பணிமுறை மாறுவதற்குள் குளிப்பாட்டி முடிக்க வேண்டும் என்பதற்காக. யாருடைய வசதிக்கு அந்த ஐந்து மணி? படுத்திருப்பவருடைய வசதிக்கு அல்ல.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு வருகிறேன். இந்த வட்டாரத்தில் சீயோன் லுத்தரன் பேராலயம், பாத்திமா மாதா ஆலயம், தமிழ் மெதடிஸ்ட் சபை என்று கூப்பிடு தூரத்தில் எத்தனை ஆலயங்கள்! அவற்றுக்கு நடுவே, 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. நடைபாதையில் பதித்த மஞ்சள் புடைப்புக் கற்கள் அதன் அடையாளம். அவற்றின்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துவது நம் அடையாளம். அது வேறு கதை.

இங்கே பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு முதுகுவலிக்கு நானும் போகிறவள்தான். எத்தனையோ ஆண்டுகள் மற்றவர் உடம்பைத் தொட்டே பிழைத்தவள், தொடுவதற்கான ஒழுங்கை அங்கே போய்த்தான் முழுசாகக் கற்றுக்கொண்டேன். அந்த அம்மா முதலில் எங்கே வலி, எங்கே தொடக்கூடாது என்று கேட்பார். பிறகு துண்டைப் போர்த்துவார். எந்தப் பகுதியில் வேலையோ அங்கே மட்டும் துண்டு விலகும், முடிந்ததும் மூடும். கையை எடுத்து இன்னோர் இடத்தில் வைக்கும் முன், “இப்போ தோளுக்குப் போறேன்” என்பார். அவருக்குப் பார்வை இல்லை. துண்டு விலகினால் என்ன, விலகாவிட்டால் என்ன? ஆனாலும் போர்த்துவார். போர்த்துவது அவர் கண்ணுக்காக அல்ல, என் மனசுக்காக என்று அன்றைக்கு விளங்கியது.

ஆலயங்களில் உதவி செய்கிற நல்லவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். கேட்காமலே சக்கர நாற்காலியைத் தள்ளுவார்கள். கேட்காமலே தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள். ஒரு சபையில் நாற்பத்திரண்டு வயதுக் கணக்காளர் ஒருவர் உண்டு. பிறவியிலேயே தசை இறுக்கம், கைகால் ஒத்துழைக்காது, பேச்சு மெதுவாக வரும். சபையின் வரவுசெலவுக் கணக்கைப் பார்ப்பதே அவர்தான். அவரைப் பார்த்து ஒரு அக்கா, “என்னடா கண்ணு, ஊச்சா வருதா?” என்கிறார். அக்காவுக்கு அன்புக்குக் குறைவில்லை. தமிழில் நீ, நீங்கள் என்று இரண்டு வைத்திருக்கிறோம்; வயதுக்கும் உறவுக்கும் பார்த்துப் பார்த்துப் பேசுகிறவர்கள் நாம். உடம்பு முடியாதவரிடம் வந்ததும் அந்த இலக்கணமெல்லாம் எங்கே போகிறதோ தெரியவில்லை. ‘தம்பி’ என்று கூப்பிடலாம், தவறே இல்லை. ஊச்சாவைத்தான் விட்டுவிட வேண்டும்.

இனிக் கொஞ்சம் வேலை விவரம் சொல்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாதம் வந்தவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். பலம் போன தோள் அப்படித்தான் மூட்டைவிட்டு நழுவுகிறது. நாற்காலியிலிருந்து கமோடுக்கு மாற்ற சறுக்குப் பலகை இருக்கிறது, இடுப்புப் பட்டை இருக்கிறது, எடை கூடியவர்களுக்குத் தொட்டில் வைத்த தூக்கும் கருவி இருக்கிறது. நான்கு இளைஞர்கள் சேர்ந்து ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று தூக்குவது பார்க்க அழகு. ஒருவர் கை வழுக்கினால் தொடை எலும்பு போய்விடும். தூக்கியவர்களின் இடுப்பும் போகும். காலில் உணர்ச்சி இல்லாதவருக்கு வெந்நீர் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஊற்றும் முன் உங்கள் முழங்கையில் ஊற்றிப் பாருங்கள். ஒரே பக்கம் படுத்தே இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். மூன்று நாள் ஆவிக்குரிய முகாமுக்கு ஒருவரை அழைத்துப்போகும் சபை, இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து புரட்டப்போவது யார் என்று பெயர் எழுதிக்கொண்டு போக வேண்டும். படுக்கைப்புண் ஒரு இரவில் தொடங்கும். ஆறுவதற்கு மாதக்கணக்கு ஆகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். முதுகெலும்பில், மார்புப் பகுதியின் ஆறாவது எலும்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அடிபட்டவருக்கு, சிறுநீர்ப்பை நிரம்பினாலோ மலம் கட்டினாலோ இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். முகம் சிவக்கும், நெற்றி வியர்க்கும், தலை பிளக்கிற மாதிரி வலிக்கும். இது ஆராதனையின் நடுவே நடந்தால் நம்மவர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சுற்றி நின்று கைவைத்து ஜெபிப்பார்கள், அல்லது மயக்கம் என்று நினைத்துப் படுக்கவைப்பார்கள். படுக்கவைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும். மூளையில் இரத்தக்கசிவு வரைக்கும் போகலாம். நிமிர்த்தி உட்கார வையுங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். கதீட்டர் குழாய் எங்காவது மடிந்து அடைத்திருக்கிறதா பாருங்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பிறகு ஜெபியுங்கள், ஆண்டவர் காத்திருப்பார், சிறுநீர்ப்பை காத்திருக்காது.

சிரிக்கிறீர்கள். சிரிக்க முடியாத பக்கத்துக்குப் போக வேண்டும்.

ரிச்சர்ட் ஹக்கிள் என்ற பெயர் இங்கே பலருக்கு நினைவிருக்கும். பிரிட்டிஷ் இளைஞன். பக்தியுள்ள கிறிஸ்தவன், ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன், படம் எடுப்பவன், பிள்ளைகளுக்கு உதவுகிறவன் என்று நம்மிடையே உலாவினான். 2006 முதல் 2014 வரை குழந்தைகளிடம் நடத்திய பாலியல் குற்றங்களுக்காக லண்டன் நீதிமன்றத்தில் 71 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டான். 2016 ஜூன் மாதம் 22 ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. குழந்தைகளில் பெரும்பாலோர் மலேசியாவின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கோலாலம்பூரில் வாழும் நம் இந்தியக் கிறிஸ்தவ வீடுகள். நம் வீட்டு வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன் அவன். அந்த அதிர்ச்சிக்குப் பின்தான் 2017-இல் குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், சட்டம் 792, நம் நாட்டில் வந்தது. குற்றம் தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருந்தால் 5,000 ரிங்கிட் வரை அபராதம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சபைப் பெயர் கெட்டுவிடும் என்று மூடிவைக்கும் மூப்பர்களுக்கும் அது பொருந்தும்.

ஆனால் அது குழந்தைகளுக்கான சட்டம். பதினெட்டு வயது தாண்டிய, பேச்சு வராத, மூன்று வயதுப் பிள்ளைபோல எல்லாவற்றுக்கும் பிறரை நம்பியிருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தக் குடை விரியாது. 2008-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம், சட்டம் 685, உரிமைகளைப் பேசுகிறது. மீறினால் தண்டனை என்று ஒன்றும் வைக்கவில்லை. 2010-இல் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையை மலேசியா ஏற்றபோதும், கொடுமையான, இழிவான நடத்தையிலிருந்து காக்கும் 15-ஆம் பிரிவுக்குக் கட்டுப்படமாட்டோம் என்று சொல்லித்தான் ஏற்றது. ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

உடல் ஊனமோ அறிவு வளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுதல் என்பது தாதியர் அறிந்தது, எண்ணும் உண்டு. 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பின்படி, மாற்றுத்திறனுள்ள குழந்தைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3.7 மடங்கு. அறிவு வளர்ச்சிக் குறையோ மன நோயோ உள்ள பிள்ளைகளில் பாலியல் வன்முறை மட்டும் 4.6 மடங்கு. காரணம் மர்மமல்ல. உடம்பைத் தொட அனுமதி பெற்றவர்கள் அவர்களைச் சுற்றிப் பலர். ‘தொடாதே’ என்று சொல்லப் பழக்கியவர்கள் யாருமில்லை. இன்னொன்றும் உண்டு, நம் வீடுகளில் நடப்பது. மறைவிடங்களுக்கு நாம் பெயரே சொல்லித் தருவதில்லை. ‘அது’, ‘அங்க’, அவ்வளவுதான். பெயரில்லாத இடத்தில் நடந்ததை ஒரு பெண் எந்தச் சொல்லால் முறையிடுவாள்?

லார்ஷ் இல்லங்களின் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1964-இல் பிரான்சில் ழான் வானியே தொடங்கியது. அறிவு வளர்ச்சிக் குறை உள்ளவர்களும் மற்றவர்களும் ஒரே வீட்டில் வாழும் சமூகம். ஆஷா நிகேதன் என்ற பெயரில் 1970-இல் பெங்களூரிலும், பின்னர் சென்னையிலும் வந்தது. வானியேயின் புத்தகங்களை நானும் அடிக்கோடிட்டு வாசித்தவள். 2019-இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே அந்த அமைப்பு, தானே ஏற்பாடு செய்த விசாரணையின் முடிவை வெளியிட்டது: ஆன்மிக வழிகாட்டி என்ற நிலையைப் பயன்படுத்தி அவர் பெண்களிடம் தவறாக நடந்திருக்கிறார். 2023-இல் வந்த விரிவான அறிக்கை, அப்படிப் பாதிக்கப்பட்ட பெண்கள் குறைந்தது 25 பேர் என்றது. அவர்கள் மாற்றுத்திறனாளிகள் அல்ல. அறிக்கையை வாசித்த அன்று புத்தகங்களை எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டேன். தூக்கியெறிய மனம் வரவில்லை. பெட்டி இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லலாம். தன் நிறுவனரின் குற்றத்தைத் தானே ஊருக்குச் சொன்ன அந்த அமைப்பின் துணிவு நம் சபைகளில் எத்தனைக்கு வரும்?

கத்தோலிக்கத் திருச்சபையிலும் 2019 மே மாதம் போப் பிரான்சிஸ் வெளியிட்ட ஆணை, பிள்ளைகளோடு சேர்த்து, நோயாலோ உடல், மனக் குறையாலோ எதிர்த்து நிற்க முடியாத பெரியவர்களையும் கணக்கில் கொண்டது; 2023-இல் அது நிரந்தரமாயிற்று. தாளில் இருப்பது பங்குக்கு வர எத்தனை நாளாகுமோ, பங்குத்தந்தையர்தான் சொல்ல வேண்டும்.

இந்தப் பயங்களையெல்லாம் கேட்டதும் சபைக் குழுக்கள் ஒரு விதி போடும். எப்போதும் இரண்டு பேர் உள்ளே இருக்க வேண்டும். கேட்பதற்குப் பத்திரமாக இருக்கிறது. ஆனால் உங்களை ஒரு கணம் அந்தக் கமோடில் உட்கார வைத்துப் பாருங்கள். ஒருவர் துடைத்துவிடுகிறார், இன்னொருவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்கிறார். நானாக இருந்தால் அந்தச் சபைக்கு மறுபடி போகமாட்டேன். இன்னொரு பக்கம், ‘ஐயோ, அவர்களுக்கு வெட்கமாக இருக்கும்’ என்று தாழ்ப்பாள் போட்டு ஒருவரோடு தனியே விட்டுவிடுவது. அதுவும் சரியில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று யோசித்தபோது எனக்கு என் அம்மாதான் நினைவுக்கு வந்தார்.

காப்பார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் லயத்து வீட்டில் வளர்ந்தவள் நான். பெண்கள் குளிப்பது பொதுக் குழாயடியில். பால்மரம் வெட்டிவிட்டு வந்து, பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு, சுற்றி நாலு பேர் துணி துவைக்க, பிள்ளைகள் ஓட, அம்மா குளிப்பார். பாவாடைக்குள்ளேயே கைவிட்டு மஞ்சளும் சவுக்காரமும் தேய்ப்பார். உலர்ந்த பாவாடையைத் தலைவழியே போட்டு, பல்லில் கடித்துக்கொண்டு, ஈரப் பாவாடையைக் காலடியில் நழுவவிடுவார். வெட்டவெளி, ஆனால் அம்மாவின் உடம்பில் ஒரு விரற்கடையை யாரும் கண்டதில்லை. அங்கே கதவு இல்லை, பூட்டு இல்லை, ஆனால் மறைப்பு இருந்தது. ஏதாவது கோளாறு நடந்தால் “ஏய்!” என்று ஒரு குரல் போதும், பத்துப் பேர் திரும்புவார்கள்.

மறைப்பு வேறு, மறைவு வேறு. உடம்புக்கு மறைப்பு வேண்டும். செய்கிற வேலைக்கு மறைவு கூடாது.

இதை ஆலயத்தில் செய்து காட்ட முடியும். உதவி செய்பவர் ஒருவர், திரைக்குள். இன்னொருவர் திரைக்கு வெளியே, குரல் கேட்கும் தூரத்தில், உள்ளே பார்க்காமல். கதவு சாத்தியிருக்கலாம், தாழ்ப்பாள் விழுந்திருக்கக் கூடாது. உள்ளே போகிற ஆள் யார் என்பதை உதவி பெறுகிறவரே தேர்ந்தெடுக்க வேண்டும். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பது வழக்கமானாலும், தன் மனைவியோ அண்ணனோதான் வேண்டும் என்று அவர் சொன்னால் அதுதான் சட்டம். பதினெட்டு வயது ஆகாதவர்களை இந்த வேலைக்கு அனுப்பக் கூடாது, எவ்வளவு நல்ல பிள்ளையானாலும். போதகரும் குருவானவரும் இதைச் செய்ய வேண்டாம் என்பது என் எண்ணம். ஒரே ஆளிடம் ஆன்மாவின் இரகசியத்தையும் உடம்பின் இரகசியத்தையும் சேர்த்துக் கொடுத்தால், ஏதாவது தவறு நடந்தால் போய்ச் சொல்ல ஆளில்லாமல் போகும். கைப்பேசி வெளியே. கதவருகே ஒரு நோட்டுப் புத்தகம்: யார், எத்தனை மணிக்கு, என்ன உதவி, உடம்பில் புதிதாக ஏதாவது காயமோ சிவப்போ கண்டோமா. நாலு வரி. மருத்துவமனையில் நாங்கள் எழுதாத வேலையைச் செய்த வேலையாகக் கருதமாட்டோம்.

பேச்சு வராதவரிடம் எப்படிக் கேட்பது என்பார்கள். பேச்சு இல்லாதவரிடமும் ‘வேண்டாம்’ இருக்கிறது. முகத்தைத் திருப்புவார், கையை இறுக்குவார், கண்ணை மூடுவார். துண்டைக் காட்டிவிட்டு, பத்து எண்ணும் வரை பொறுத்துப் பாருங்கள். அந்தப் பத்துதான் கடினம். நமக்கு அவசரம்; அடுத்த பாட்டு தொடங்கிவிடும்.

உதவுகிறவரின் வசதி உதவி பெறுகிறவரின் உடம்பை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு சம்பவம். 1994-இல் மகாராஷ்டிரத்தில், ஷிரூரில் இருந்த அரசு இல்லத்தின் அறிவு வளர்ச்சிக் குறையுள்ள பெண்கள் சிலருக்கு, புனே சசூன் மருத்துவமனையில் கருப்பையை அகற்றினார்கள். மாதவிலக்கின்போது சுத்தம் பேண முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். பெண்கள் அமைப்புகள் எதிர்த்து எழுந்த பிறகே நின்றது. நாம் அந்த அளவுக்குப் போகமாட்டோம் என்று நினைக்கலாம். நம் பராமரிப்பு இல்லங்களில் பெண்பிள்ளைகளின் தலைமுடியை ஏன் ஒட்ட வெட்டுகிறோம்? பேன் வருமாம், சீவ ஆளில்லையாம். அதே காரணம்தான், அளவுதான் சிறிது. பூ வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட ஒரு பெண்ணை நான் அறிவேன். முடி இல்லாததால் காதில் செருகிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் மாதத்தில் அந்த இல்லங்களுக்கு அரிசி மூட்டையோடு போய், படுக்கையில் கிடப்பவரோடு படம் எடுத்து முகநூலில் போடுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. போடுகிறவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள்.

நம்மிடம் முன்மாதிரி இல்லாமல் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ‘பியூட்டிஃபுல் கேட்’ என்ற கிறிஸ்தவ மையத்தைத் தொண்ணூறுகளில் தொடங்கியவர் போதகர் சியா சியூ சின், தசைச் சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இருப்பவர். அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் அலங்கார வாசலிலிருந்து எடுத்த பெயர். தினமும் சுமந்துவந்து வாசலில் வைக்கப்பட்ட அந்த மனிதன் உள்ளே போய் நிர்வாகியானால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த மையம் ஒரு விடை. வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு மையம் உருவானதற்கு அவரே காரணம். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே அசைய முடியாதவர். உடம்பைப் பிறர் கையில் கொடுத்து வாழ்ந்தவர்கள் நடத்திய இடங்கள் இவை. நம் சபை நிர்வாகக் குழுக்களில் அப்படி ஒருவராவது இருக்கிறாரா என்று வீட்டுக்குப் போய் எண்ணிப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு சமூகநலத்துறை மாதந்தோறும் ஓர் உதவித்தொகை தருகிறது. அதில் பம்பர்ஸும் பாலும் போக மீதி என்ன? பார்த்துக்கொள்கிறவர் பெரும்பாலும் அம்மா. அறுபது வயதில், தேய்ந்த முதுகோடு, முப்பத்தைந்து வயது மகனைத் தூக்குகிற அம்மா. பத்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு சபை, வாரத்துக்கு இரண்டு நாள் பயிற்சி பெற்ற பராமரிப்பாளருக்குச் சம்பளம் கொடுக்கலாம். ஊழியம் என்றாலே இலவசம் என்று ஏன் நினைக்கிறோம்? பியானோவுக்குச் சுருதி கூட்ட வருபவருக்குக் காசு கொடுக்கிறோம்.

அந்தக் கணக்காளர் தம்பியிடம் இந்த உரைக்காகப் பேசினேன். அவருடைய சபை சென்ற ஆண்டு பழைய நாற்காலிகளும் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களும் அடுக்கியிருந்த அறையை இடித்துக் கழிவறையாக்கியது. உதவிக்கு வர ஐந்து பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் மூவரை அவர் தேர்ந்தெடுத்தார். தனக்கு எப்படி உதவ வேண்டும் என்று ஒரு விரலால் தட்டித் தட்டித் தானே கணினியில் எழுதி, அச்சடித்து, கதவின் உட்புறம் ஒட்டவைத்தார். முதலில் நாற்காலியின் பிரேக்கைப் போடவும். இடக்கையை இழுக்க வேண்டாம், அது வந்தபோது வரும். துடைத்த பிறகு சட்டையை முன்னால் சரிசெய்யவும், பின்னால் தொங்கினால் எல்லோரும் பார்க்கிறார்கள். இப்படி ஒன்பது வரி. கடைசி வரி: “உள்ளே இருக்கும்போது பாட்டு வேண்டாம், ஜெபமும் வேண்டாம்.”

ஒரு மூப்பருக்கு அது பிடிக்கவில்லை. ஆலயத்துக்குள் இப்படி எழுதலாமா என்று கேட்டிருக்கிறார். தம்பி யோசித்துவிட்டு, திருத்தி, வேறு தாள் ஒட்டவைத்தார்: “பாட்டும் ஜெபமும் வெளியே வந்த பிறகு, நானும் சேர்ந்து.” போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். ஈரத்தில் ஒரு மூலை மடிந்திருந்தது; யாரோ செல்லோ டேப் போட்டு மறுபடி ஒட்டியிருந்தார்கள்.